கதை எங்கே தொடங்குகிறது?

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே கடலில் 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. செய்தித்தாள்களும் அரசுக் கோப்புகளும் எண்ணெய்க் கசிவின் கதையை அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. கரையோரக் குப்பங்களில் வாய்மொழி வரலாறு பதிவு செய்யப் போனபோது என் முதல் கேள்வியும் அதுதான்: "கப்பல் மோதின அன்னிக்கு எங்கே இருந்தீங்கம்மா?"

எர்ணாவூரில் மீன் விற்கும் அந்த அம்மா கப்பல் பக்கமே வரவில்லை. "நோட்டு செல்லாதுன்னாங்களே, அங்கேர்ந்து சொன்னாதான் உனக்குப் புரியும் கண்ணு" என்றார். பேச்சை ஜனவரிக்கு இழுக்க என் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்.

2016 நவம்பரில் ஏலத்தில் மீன் எடுக்கக் கையில் செல்லுகிற பணம் இல்லை. வட்டிக்கு வாங்கினார். டிசம்பரில் வர்தா புயல் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. மறுபடி வட்டி. மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து வியாபாரம் சற்று நிமிர்ந்தபோது கரையெல்லாம் எண்ணெய் நாற்றம். "எண்ணூர் மீனா?" என்று கேட்டுவிட்டு வாடிக்கைக்காரர்கள் நகர்ந்தார்கள். எப்போது என்றேன். "தை அமாவாசைக்கு மறுநாள்." நாட்காட்டியைப் பார்த்தேன், அந்த ஆண்டு தை அமாவாசை ஜனவரி 27.

எண்ணெய் அவருக்கு மூன்றாவது அடி. விபத்து நாளிலிருந்து இழப்பைக் கணக்கிடும் யாருக்கும் முந்தைய இரண்டு கடன்கள் தெரியாது. அன்றிலிருந்து "எங்கிருந்து சொல்லணும்னு தோணுதோ, அங்கிருந்து சொல்லுங்க" என்றுதான் ஒலிப்பதிவைத் தொடங்குகிறேன். சிலர் அனல் மின் நிலையங்கள் வந்த காலத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சிலர் தூண்டில் வளைவுப் பாறைகளுக்குள் கெட்டியாகத் தேங்கிய எண்ணெயை, உறிஞ்சும் இயந்திரம் திணறிய பிறகு வாளி வாளியாக அள்ளியதிலிருந்து. பெரிய பாதிப்பில்லை என்று முதலில் சொல்லப்பட்ட அந்தக் கரையிலிருந்து 100 டன்னுக்கும் மேல் எண்ணெய்ச் சகதி எடுக்கப்பட்டது. அள்ளியவர்களில் ஒருவர் கையுறை முதல் நாளே கிடைத்தது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்கையால் அள்ளினேன் என்கிறார். இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன். ஒன்றை வெட்டி மற்றதை வைக்கும் உரிமை எனக்கில்லை.

தள்ளிப்போட நேரமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவியது. இப்போது பேசுபவர்களின் நினைவில் இரண்டு கசிவுகளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. முதல் கசிவைத் தெளிவாகச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துவருகிறார்கள். 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய அலாஸ்காவில், அங்குள்ள பல்கலைக்கழகம் மக்களின் குரல்களை யாரும் கேட்கும்படி சேமித்து வைத்திருக்கிறது. எண்ணூருக்கும் அப்படி ஒரு காப்பகம் வேண்டும். ஒவ்வொரு பதிவின் நகலும் பேசியவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கரையில் அடுத்த திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, அறிக்கையோடு இந்தக் குரல்களும் சான்றாக மேசைக்கு வர வேண்டும்.