சைக்கிள் ஓட்டுகிறவருக்கு நிற்க முடியாதா?



சென்ற வாரம் நம் வீட்டுக் கல்யாணத்தில், மணமக்களை வாழ்த்தும் வரிசையில் நிற்காமல் நான் நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டேன். "காலையில சைக்கிள்ல மார்க்கெட்டுக்குப் போனாரே, இப்ப மட்டும் என்னவாம்?" என்று பின்னால் ஒரு குரல். கேள்வி நியாயமானதுதான்.

எனக்கு முதுகில் வலி அதிகம் இல்லை. ஐந்து நிமிடம் நின்றாலோ நடந்தாலோ இரண்டு கெண்டைக்கால்களும் கனத்து மரத்துப்போகும். உட்கார்ந்தால் சற்று நேரத்தில் சரியாகிவிடும். முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கிவரும் பாதை ஒன்று உண்டு. வயதாக ஆக, எலும்பும் தசைநாரும் தடித்து அந்தப் பாதை குறுகுகிறது. நிமிர்ந்தால் இன்னும் நெருக்கும்; குனிந்தால் கொஞ்சம் விரியும். சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்துதானே உட்காருகிறோம்! டாக்டரும் என்னிடம், "சைக்கிள் ஓட்ட முடிகிறதா சார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

என் பழைய மாணவன் ஒருவனுக்கு நேர் எதிர். தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கியபோது பிட்டத்தில் தொடங்கிய வலி, ஒரு காலில் பாதம்வரை மின்னலாய் இறங்கியது. ஜவ்வு விலகல் என்கிறோமே, அது. உண்மையில் ஜவ்வு முழுதாக விலகுவதில்லை. அதன் வெளி வளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது, புண்படுத்துகிறது. அவனுக்குக் குனிந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, தும்மினாலும் வலி. எனக்குச் சுகம் தரும் குனிதல் அவனுக்கு ஆகாது. ஒருவருக்குச் சொன்ன பயிற்சியை வாட்ஸ்அப்பில் இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள் என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையை அனுப்பி, "ஆபரேஷன்தானா சார்?" என்று அழாக்குறையாகக் கேட்டான். 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஜவ்வு புடைத்திருந்தது! படத்தையும் வலியையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இந்த வகைக் கால்வலி பெரும்பாலும் சில வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே தணிந்துவிடுகிறது. படுத்தே கிடப்பதைவிட, முடிந்த அளவு நடமாடுவது நல்லது. அவன் இப்போது வேலைக்குப் போகிறான்.

ஆனால் முதுகு வலியோடு சிறுநீர் இறங்காமல் போனாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்தாலோ, கால் பலம் இழந்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்குப் போன் அங்கே போய்ச் சேர்ந்தபிறகு செய்யலாம்.