ஆனைக்கொன்றான் வழக்கு

தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் வெள்ளவத்தைத் தகப்பன்மாருக்கு அனகொண்டா என்றால் ஒரு தனிப் பெருமை. "உது எங்கட பேர், ராசா. ஆனைக்கொன்றான். வெள்ளைக்காரன்ர வாயில அப்பிடி ஆகிட்டுது."

இது அவர்கள் கட்டிய கதையல்ல. யூலும் பேர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதியிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. அகராதியில் இருந்தால் சரி என்று நாமும் விட்டுவிட்டோம்.

பாம்பு தென்னமெரிக்காவுக்குரியது, பெயர் மட்டும் இலங்கையில் பிறந்தது. 1693இல் ஜோன் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர், ஒல்லாந்தின் லைடன் நூதனசாலைப் பட்டியலை வைத்துக்கொண்டு, இலங்கையர் 'அனகந்தையா' என்று சொல்லும் பாம்பொன்றைக் குறித்துவைத்தார். எருமையின் அங்கங்களை நொறுக்கிவிடுமாம். கவனியுங்கள், எருமைதான், ஆனை அல்ல. 1768இல் 'ஸ்கொட்ஸ் மகசீன்' இன்னும் ஒரு படி மேலே போனது. இலங்கையில் அனகொண்டா ஒன்று புலியை நொறுக்கி விழுங்கியதை, நேரில் கண்டவர் எழுதியதாகவே அச்சிட்டது. இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி ஏது? எழுதியவர் இந்தப் பக்கம் வந்தவர்தானா என்பதே எனக்குச் சந்தேகம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நம்மவர் பெரும்பாம்பை வெங்கிணாந்தி என்பார்கள், மலைப்பாம்பு என்பார்கள். ஆனைக்கொன்றான் என்று ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது விழுங்குவதும் முயல், மான்குட்டி. ஆனைக்கு அதனிடம் என்ன பயம்?

1897இல் டொனால்ட் பேர்குசன் என்ற ஆய்வாளர் வேறு வழி காட்டினார். சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்றொரு பாம்பு உண்டு. ஹென என்றால் இடி, கந்த என்றால் தண்டு. ஆனால் அது கொம்பில் தொங்கும், பச்சைப்பாம்புக்கு இனமான, விரல் பருமன்கூட இல்லாத கபில நிறப் பாம்பு! லைடனில் யாரோ சீட்டை மாற்றி ஒட்டியதால் மெல்லிய பாம்பின் பெயர் பருத்த பாம்புக்குப் போயிருக்கலாம் என்பார்கள். ஆனையைக் கொன்றதைவிட இது நம்பக்கூடியது.

ஆகவே இந்த வழக்கில் என் தீர்ப்பு சிங்களத்துக்கே. நமக்கு இதனால் நட்டமில்லை. கட்டுமரம், மிளகுதண்ணி, யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கைப் பட்டினமெங்கும் கடை வைத்து விற்ற சுருட்டு, எல்லாம் ஆங்கில அகராதியில் நம் பெயரிலேயே நிற்கின்றன. ஹெனகந்தயாவை அதன் சொந்தக்காரரிடமே விட்டுவிடலாம்.