தந்தைக்கு எடுக்கும் ஒப்பாரி

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், இறந்தவரின் உறவுப் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக அமர்ந்து பாடும் இழவுப் பாட்டாகிய ஒப்பாரி, கற்றுக்கொள்ள எதுவுமில்லாத வெறும் அழுகை என்று வெளியாராலும், இப்போது தோட்டத்துப் படித்த பிள்ளைகளாலும் எண்ணப்படுகிறது. பாட்டைத் தொடங்கி நடத்தும் மூத்த பெண், அதாவது எடுப்பவர், இரண்டு அடிகளை ஒரே வார்ப்பில் அமைத்து, இரண்டாவதில் ஓரிரு சொற்களை மட்டும் மாற்றி, இறுதியில் எழும் விம்மலையே தாளமாகக் கொள்கிறார். விம்மல் இடம் தவறினால் மற்றவர்கள் சேர்ந்துகொள்ள முடியாது. இதை வெறும் அழுகை என்பவர்கள் ஓர் இரவு உடன் அமர்ந்து எடுத்துப் பார்க்கலாம்.

கணவனுக்கும் பிள்ளைக்கும் எடுப்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. தந்தைக்கு எடுப்பதே கடினம். பிறந்த இடத்தின் வளத்தைப் பெயர் சொல்லி அடுக்கி, இனி அது தனக்கில்லை என்று மகள் சொல்லியாக வேண்டும். இவ்வாறு பாடிய மகள்கள் முன்பும் உண்டு: மூவேந்தர் முற்றுகையில் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டு, தலைவனை இழந்து செயலற்று நிற்கும் கையறுநிலைத் துறையைச் சேர்ந்தது. போர்க்களம் கண்ட அத்தந்தையின் வாள்திறத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு மாதத்து நிலவும் பறிபோன குன்றுமே உள்ளன. மலையகத்து மகளுக்கோ குன்றைத் தன்னுடையது என்று சொல்லவும் வழியில்லை. லயம் எனப்படும் வரிசை வீடு தோட்டத்துக்குரியது. தோட்டத் தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்திருந்தது. ஆகவே கைதேர்ந்தவர்கள் தந்தையின் உடைமையை விட்டு, அவர் வெட்டிய வடிகாலாகிய கானையும் போர்த்திய கம்பளியையும் பாட்டுக்குள் கொண்டுவந்தனர்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியபின், கப்பலேறும் துறையான தலைமன்னாருக்குப் புறப்பட்ட தொடருந்து அழுகைக் கோச்சி என்றே பெயர் பெற்றது. உயிரோடு செல்லும் தந்தைக்கு நிலையத்திலேயே ஒப்பாரி எழுந்தது. அதைவிடக் கடினமானது, பிறகு அக்கரையிலிருந்து இறப்புச் செய்தி வந்தபோது எடுத்தது. உடல் முன்னிருந்தால் கண் திறக்கச் சொல்லி விளிக்கலாம்; உடலில்லாத இழவில் அவ்விளி பொருந்தாது, கடிதத்தையோ தண்டவாளத்தையோ விளித்துத்தான் தொடங்க வேண்டும், அதுவும் உறவினர் கூடியிருக்கும்போதே, ஒத்திகையின்றி.  

மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளைக்கு இக்கலை கடன்பட்டிருக்கிறது, ஆயினும் அச்சில் விம்மல் ஏறாது. இன்றைய குறுக்குவழி அச்சையும் நாடுவதில்லை. தமிழகத்தில் பதிவான ஒப்பாரியொன்றைக் கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, வீட்டுப் பெண்கள் தேநீர் ஊற்றுகின்றனர். இராணுவத்தில் பணியாற்றி ஓய்ந்தவருக்கும், ஆயுள் முழுவதும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவருக்கும் அதே பதிவுதான். பத்து ஏக்கர் நஞ்சையும் வண்டி மாடும் வைத்திருந்த அப்பா என்று அது புகழ்கிறது. சொந்தமாக ஒரு பிடி மண்ணும் இல்லாதிருந்தவரின் பெட்டியைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை.