இரண்டாவது வண்டி யாருக்கு?

ஏரும் உண்டு நாட்டிலே, தேரும் உண்டு. ஏர் நிலத்தை உழும். தேர் வீதியை வலம் வரும். தேரைப் பூட்டி உழுதவரும் இல்லை. ஏரில் ஏறி ஊர்வலம் வந்தவரும் இல்லை. பணிக்கேற்ற பொருள், பொருளுக்கேற்ற பணி! பாமரரும் அறிந்த எளிய உண்மை இது. ஆயினும், மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்படும் ஆண்மகனின் நெஞ்சிலே மட்டும் இவ்வுண்மை ஏனோ நுழைய மறுக்கிறது!

என்னிடம் நெடும்பயணத்துக்கென்றே ஒரு வண்டி உண்டு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2016-இல் விற்பனைக்கு வந்த 411 சி.சி. வகை. திருச்சியிலிருந்து புறப்பட்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அதன்மீது அமர்ந்தே கடந்திருக்கிறேன். தனுஷ்கோடிக்கு அப்பால், இருபுறமும் கடல் முழங்க, அரிச்சல்முனை வரையிலும் சென்று திரும்பியிருக்கிறேன். 15 லிட்டர் கொள்ளும் பெட்ரோல் டேங்க். நாள் முழுதும் அமர்ந்தாலும் முதுகு நோகாத இருக்கை. மூட்டை முடிச்சுகளைச் சுமந்தாலும் முனகாத எஞ்சின். நெடுஞ்சாலையிலே அது ஒரு வேழம்!

ஆனால், வேழத்தை ஓட்டிக்கொண்டு வெண்டைக்காய் வாங்கப் போக முடியுமா? வண்டியின் எடை 200 கிலோவை நெருங்கும். ஓடும்போது அந்த எடை தெரியாது; ஊர்ந்து செல்லும்போது தெரியும். காந்தி மார்க்கெட்டின் நெரிசலிலே, ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் இடையிலே, காலை ஊன்றி ஊன்றி நகர்த்தும்போது ஒவ்வொரு கிலோவும் தன் பெயரைச் சொல்லும்! அதுமட்டுமன்று. ஒரு கல் தொலைவு ஓடி நிற்பதும், மீண்டும் ஒரு கல் ஓடி நிற்பதுமாக இருந்தால் எஞ்சின் உரிய சூட்டை எட்டுவதே இல்லை. சூடேறாத எஞ்சினிலே ஈரம் தங்கும்; எண்ணெய் விரைவில் கெடும். தொலைவுக்கென்று செய்த வண்டியைத் தெருமுனைக்கு ஓட்டுவது வண்டிக்கும் கேடு, பணப்பைக்கும் கேடு.

ஆகவே, இரண்டாவது வண்டி வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு வெளியே தெரிந்ததுதான் தாமதம், நண்பர்களின் அறிவுரைகள் அணி அணியாய் வந்தன!

ஒருவர், "அம்பு போலப் பாயும் வண்டி வாங்கு" என்றார். மற்றொருவர், "காடு மேடு தாண்டும் வண்டி வாங்கு" என்றார். மூன்றாமவர் கண்களில் கனவு மிதக்க, "யமஹா ஆர்.எக்ஸ். 100 கிடைத்தால் விட்டுவிடாதே" என்றார். 1985-இல் நம் நாட்டில் வெளிவந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அதன் ஓசையை இன்னமும் இசையெனப் போற்றுவோர் பலர். நான் பழிக்கவில்லை. ஆனால், இம்மூவரின் சொற்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது ஓர் ஒற்றுமை புலப்பட்டது. மூவருமே ஒரே மனிதனுக்குத்தான் வண்டி தேடினார்கள். முதல் வண்டியில் யார் அமர்ந்திருக்கிறாரோ, அவருக்கே இரண்டாவது வண்டியும்! அவர் விரைந்து செல்ல ஒன்று, விளையாடிக் களிக்க ஒன்று, பழமை பேசிப் பெருமிதம் கொள்ள ஒன்று!

துணை வண்டி என்றால் என்ன பொருள்? முதல் வண்டி எதைச் செய்யாதோ, அதைச் செய்வது. அது கனமா? இது இலேசாக இருக்கவேண்டும். அது மிகுதியாகப் பெட்ரோல் குடிக்குமா? இது சிக்கனமாக இருக்கவேண்டும். இதுவரையில் எவரும் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால், அடுத்த கேள்விதான் கடினமானது: அந்த முதல் வண்டியை வீட்டில் ஓட்டாதவர் யார்?

என் வாழ்க்கைத் துணைவி ஓர் ஆசிரியை. காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலே தொடக்கப் பள்ளியில் பணி. நகரப் பேருந்து அவளை முதன்மைச் சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் நடை. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் அரசு ஆணையிட்டது. மாதந்தோறும் எத்தனையோ குடும்பங்களில் பணம் மிஞ்ச வழி செய்த நல்ல ஆணை. ஆயினும், பேருந்து தன் நேரத்துக்கு வரும். நம் நேரத்துக்கு வராது. அது சாலையின் கோட்டிலே ஓடும். நம் தேவையின் கோட்டிலே ஓடாது. மழைநாளிலே, மாலை மங்கிய பிறகு, அந்த மூன்று கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பதை நடந்தவர்களே அறிவார்கள்.

"வீட்டுக்கு இரண்டாவது வண்டி வாங்குகிறோம் அல்லவா? அது நான் ஓட்டும் வண்டியாக இருக்கட்டுமே!" என்றாள் அவள்.

"ஸ்கூட்டர் பார்க்கலாமா?" என்றேன்.

"ஏன்? கியர் வண்டியை ஆண்களுக்கென்று எவரேனும் உயில் எழுதி வைத்திருக்கிறார்களா? பள்ளிக்குப் போகும் வழி மண்பாதை. பெரிய சக்கரம் இருந்தால் பள்ளத்தில் இறங்கி ஏறும். எனக்கு மோட்டார் சைக்கிள்தான் வேண்டும்" என்றாள்.

வாதத்திலே உணர்ச்சியும் இருந்தது, கணக்கும் இருந்தது. சிறிய சக்கரம் குழியிலே விழும். பெரிய சக்கரம் குழியைக் கடக்கும். இதற்கு மறுப்பு ஏது?

கடைக்குச் சென்றோம். கடைக்காரர் என்னைப் பார்த்துப் பேசினார். விலையை என்னிடம் சொன்னார். சாவியை என்னிடம் நீட்டினார். "வண்டி எனக்கு" என்று அவள் கூறியதும், சட்டென ஸ்கூட்டர்கள் நிற்கும் பக்கம் கை காட்டினார்! அவரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் கண்ணிலே ஊரின் வழக்கம் குடியிருந்தது.

வழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலே 123-ஆவது விதி என்று ஒன்றுண்டு. பின்னிருக்கையில் அமர்வோரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தில் பாதியேனும் மூடும் காப்பு வேண்டும் என்கிறது அது. நல்ல விதி, பல உயிர்களைக் காத்த விதி. அந்தக் காப்புக்கு மக்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சேலை கார்டு'! விதி எவரையும் பெண் என்று சொல்லவில்லை. ஊர் சொல்லிவிட்டது! சேலை என்றால் பின்னிருக்கை, பின்னிருக்கை என்றால் சேலை என்று!

ஆனால், சட்டத்தைப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளை இரண்டாகப் பிரிக்கிறது: கியர் உள்ளது, கியர் இல்லாதது. ஆண் ஓட்டுவது, பெண் ஓட்டுவது என்று பிரிக்கவில்லை. சட்டம் போடாத வேலியைச் சமூகம் போட்டிருக்கிறது.

இந்த வேலியை முன்பே தாண்டியவர்கள் நம் நாட்டில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டும் பயிற்சியையும் அவ்வியக்கம் சேர்த்துக்கொண்டது. வயலில் உழைத்தவர்களும், கல் உடைத்தவர்களும், ஆயிரம் ஆயிரமாய்ச் சைக்கிள் ஏறினர். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தனர். அந்தக் கம்பியிலே குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு! எதை ஆணின் அடையாளம் என்று ஊர் எண்ணியதோ, அதையே தாய்மார்கள் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டனர். கேலி பேசியோர் பேசினர். சக்கரம் சுழன்றது.

நாங்கள் தேர்ந்தது ஹீரோ ஸ்ப்ளெண்டர். 97.2 சி.சி. எஞ்சின், எடை ஏறத்தாழ 112 கிலோ. என் வண்டியோடு ஒப்பிட்டால் பாதியை விடச் சற்றே கூடுதல். இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர். அவள் இரண்டு கால்களையும் தரையில் ஊன்ற முடிந்தது. புதிதாகக் கற்பவர்க்குக் குதிரைத் திறனைக் காட்டிலும் முக்கியமானது இதுதான். கால் தரையில் பட்டால் அச்சம் பாதி போய்விடும். ஒரு லிட்டரில் என் வண்டி போகும் தொலைவைப் போல் இரு மடங்கு போகும். உதிரிப் பொருள் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்.

பணம் அவளுடைய ஊதியத்திலிருந்து. பதிவுச் சான்றிதழிலே பெயர் அவளுடையது. இதை அவள் வற்புறுத்தினாள், சரியாகவே வற்புறுத்தினாள். பரிசாக வந்த வண்டியை, 'இன்று எனக்கு வேண்டும்' என்று ஒருவன் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உரிமையாக வந்த வண்டியை அவளிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்!

செய்தி அறிந்து அவளுடைய மாமன் வந்தார். "மாப்பிள்ளை, பெண்பிள்ளைக்கு எதற்குக் கியர் வண்டி? ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

"மாமா, மழையிலே அவள் நடந்து வந்தபோது ஊர் என்ன சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை" என்றார்.

"இப்போதும் அப்படியே இருக்கட்டும்!" என்றாள் அவள், உள்ளிருந்து.

பழகுநர் உரிமம் பெற்று, ஞாயிறுதோறும் திடலிலே பயின்றாள். கிளச்சை மெல்ல விடுவது, கியரை மாற்றுவது, எட்டுப் போடுவது! இரண்டு முறை எஞ்சின் நின்றது. மூன்றாம் முறை வண்டி நகர்ந்தது. தேர்விலே முதல் முறையிலேயே வென்றாள். இன்று பள்ளிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருகிறாள். அந்த அரை மணியிலே, பின்தங்கிய பிள்ளைகள் நால்வருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். எந்த விளம்பரத் தாளிலும் இந்தக் கணக்கை அச்சிடமாட்டார்கள்!

என் நெடும்பயண வண்டி? அது நலமாக இருக்கிறது. தெருமுனைப் பணியிலிருந்து விடுதலை பெற்று, தொலைவழிக்கெனக் காத்திருக்கிறது. முதல் வண்டியின் ஆயுளும் இரண்டாவது வண்டியால் நீள்கிறது.

2018-இல் தமிழக அரசு, பணிபுரியும் மகளிர் இருசக்கர வண்டி வாங்க விலையில் பாதி, 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மானியம் தரலாம். சாவியை யார் கையில் கொடுப்பது என்பதை வீடுதான் முடிவு செய்யவேண்டும். இரண்டாவது வண்டி வாங்க எண்ணும் தோழர்களே! சி.சி. பாருங்கள், எடை பாருங்கள், விலை பாருங்கள். அவற்றுக்கெல்லாம் முன்பாக, வீட்டிலே இன்னமும் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அவர் கால் தரையில் படும் வண்டி எதுவோ, அதுவே உங்கள் வீட்டுக்கு ஏற்ற வண்டி!