மன்னாரில் ஒரு பான்ஜோ

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பது எம்மவர் வழக்கம். ஐம்பதைக் கடந்த ஒருவன் புதிதாக ஓர் இசைக்கருவியைக் கற்கத் தொடங்கும்போது இந்தப் பழமொழி வெறும் பழமொழியாக இருப்பதில்லை. அங்கே வளைய வேண்டியிருப்பது உண்மையிலேயே அவனது விரல்கள்தான். கடந்த மூன்று வருடங்களாக நான் ஓய்வு கிடைக்கும் வேளைகளில் பயின்று வருவது பான்ஜோ என்ற வாத்தியத்தை. அதிலும் கிளோஹமர் என்று அழைக்கப்படுகின்ற பழைய அமெரிக்கக் கிராமியப் பாணியை.

பான்ஜோ என்றதும் எம்மவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது தட்டச்சு இயந்திரத்தின் பொத்தான்களைப் போன்ற கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவே. ஜப்பானின் தைஷோகோட்டோ என்ற வாத்தியத்தின் வழியில் தெற்காசியாவுக்கு வந்துசேர்ந்த அந்தக் கருவிக்கும் நான் கூறுகின்ற பான்ஜோவுக்கும் பெயர் மாத்திரமே பொது. இது வட்டமான ஒரு சட்டத்தின் மீது பறையைப் போலத் தோல் இழுத்துக் கட்டப்பட்டு, நீண்ட கழுத்தும் ஐந்து தந்திகளும் கொண்டது. எமது நாட்டின் பைலா இசையிலும் பான்ஜோ ஒலித்ததுண்டு என்றாலும், அங்கு மீட்டும் முறை வேறு.

ரொறன்ரோவில் வாழும் எனது மருமகன் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தான். தான் வாங்கிச் சில மாதங்களில் கைவிட்டதாகவும், "மாமாவுக்குப் பொழுது போகும்" என்றும் சொல்லிவிட்டுச் சென்றான். ஊரில் அதைச் சொல்லித்தர அண்ணாவியார் எவரும் இல்லை. பீற் சீகர் என்ற அமெரிக்கப் பாடகர் 1948 இல் முதலில் வெளியிட்ட பயிற்சி நூலின் பிரதியொன்றும், இணையத்தில் கிடைக்கும் காணொளிகளுமே எனக்கு ஆசிரியர்கள்.

இந்த வாத்தியத்தின் விசித்திரம் அதன் ஐந்தாவது தந்தியில் இருக்கிறது. மற்றைய நான்கும் கழுத்தின் முழு நீளத்துக்கும் ஓட, இது மாத்திரம் பாதிவழியில், கழுத்தின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட முளையொன்றிலேயே தொடங்கிவிடுகிறது. பெருவிரலுக்கு மிக அருகில் இருப்பதும் இதுவே. சுருதியில் மிக உயர்ந்ததும் இதுவே. வழமையான 'ஜி' சுருதியமைப்பை எமது ஸ்வரங்களில் சொல்வதானால், நான்காவது தந்தியிலிருந்து முதலாவது தந்தி வரை கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று வரும். ஐந்தாவது தந்தி மேல் ஷட்ஜம். இரண்டாவது தந்தியைச் சற்று ஏற்றிக் காந்தாரத்தை மத்திமமாக்கினால் வாத்தியத்தின் முகமே மாறி ஒருவிதமான ஏக்கம் வந்துவிடுகிறது. மலைநாட்டுப் பாடல்கள் பலவற்றை அப்பலாச்சியக் கலைஞர்கள் அந்த அமைப்பிலேயே வாசிக்கிறார்கள்.

கிளோஹமர் பாணியில் விரல்களால் தந்தியைச் சுண்டி இழுப்பதில்லை. கையை நண்டின் காலைப் போலத் தளர்வாக வளைத்து வைத்துக்கொண்டு, சுட்டுவிரல் அல்லது நடுவிரல் நகத்தின் பின்புறத்தால் தந்தியை மேலிருந்து கீழ்நோக்கி அடிக்கவேண்டும். முதலில் ஒரு தந்தியில் ஓர் அடி. அடுத்து எல்லாத் தந்திகளையும் வருடிச் செல்லும் ஓர் அடி. கை கீழே வரும்போது பெருவிரல் ஐந்தாவது தந்தியில் வந்து தங்கி, கை எழும்போது அதை விடுவிக்கிறது. ஆங்கிலத்தில் 'பம்-டிட்டி' என்று சொல்லிக்கொடுக்கப்படும் இந்த நடையை எனது வசதிக்காகத் 'தாம் - தக, தாம் - தக' என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். விரல்கள் தனித்தனியே அசையக்கூடாது. மணிக்கட்டே வேலை செய்யவேண்டும். முப்பது வருடங்களாக இரண்டு சுட்டுவிரல்களால் மாத்திரம் செய்திகளைத் தட்டச்சு செய்து வந்தவனுக்கு அது இலகுவான காரியமல்ல. முதல் நான்கு மாதங்கள் ஒரு பாட்டும் இல்லை. அந்த ஓர் அடி மாத்திரமே. வீட்டிலுள்ளவர்களின் பொறுமையை இங்கு நன்றியுடன் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

வீணையில் சுட்டுவிரலும் நடுவிரலும் தந்தியைக் கீழ்நோக்கியே மீட்டுகின்றன. சின்னவிரல் பக்கவாட்டிலுள்ள தாளத் தந்திகளை மீட்டிச் சுருதியையும் தாளத்தையும் ஒருங்கே காத்துநிற்கிறது. பான்ஜோவில் அந்தப் பணியைப் பெருவிரல் செய்கிறது. இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்ட நாளிலிருந்து ஐந்தாவது தந்தி எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

மன்னார்த் தீவின் காலநிலைக்கு இத்தகைய வாத்தியத்தின் மீது இரக்கமில்லை. உப்புக்காற்றில் உருக்குத் தந்திகள் ஒரு மாதத்திலேயே துருவேறத் தொடங்குகின்றன. எனது பான்ஜோவின் முகப்பு, இன்று பெரும்பாலானவற்றில் இருப்பதைப் போன்று, செயற்கைத் தோலாலானது. பழங்காலத்து வாத்தியங்களைப் போல ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ போர்த்தியிருந்தால், மாரி மழையில் தளர்ந்து சுருதி இறங்கியும் சோளகக் காற்றில் காய்ந்து முறுகியும் என்னை அலைக்கழித்திருக்கும். கஞ்சிரா வாசிப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

அயல்வீட்டில் வசிக்கும் முதியவர் ஒருவர், நான் பெரியம்மா என்று அழைப்பவர், ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டுவிட்டார்: "ஏன் தம்பி, படிக்கிறதெண்டால் எங்கட வீணையைப் படிக்கலாந்தானே? இந்த வெள்ளைக்காரற்ற சாமான் என்னத்துக்கு?"

கேள்வியின் முற்பகுதிக்கு என்னிடம் விடை இருந்தது. ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்னர் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய ஆசிரியரொருவரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நாம் கற்பனை செய்வதில்லை. ஆனால், கேள்வியின் பிற்பகுதிதான் என்னை நூல்களைத் தேடவைத்தது. ஏனென்றால், பான்ஜோ வெள்ளையர்களின் வாத்தியமே அல்ல.

ஜமேய்க்காவில் 1687 தொடக்கம் 1689 வரை தங்கியிருந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர், அங்கு அடிமைகளாக வைத்திருக்கப்பட்ட ஆபிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தித் தந்தி கட்டி வாசித்த வாத்தியங்களைப் பற்றி எழுதி, 1707 இல் வெளியான தனது நூலில் படத்தையும் சேர்த்தார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சன், தாமே பலரை அடிமைகளாக வைத்திருந்தவர், 1780 களில் எழுதிய நூலில் இந்த வாத்தியம் கறுப்பின மக்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று பதிவு செய்தார். கம்பியாவிலும் செனகலின் கசமான்ஸ் பகுதியிலும் வாழும் ஜோலா மக்களிடம் அக்கொண்டிங் என்ற மூன்று தந்தி வாத்தியமொன்று இன்றும் வழக்கில் இருக்கிறது. சுரைக்குடுக்கையும் ஆட்டுத்தோலும் கொண்டது. அதிலும் பெருவிரல் மீட்டுவதற்கென்று ஒரு குட்டைத் தந்தி இருக்கிறது; அவர்களும் நகத்தால் கீழ்நோக்கியே அடிக்கிறார்கள். கம்பியாவைச் சேர்ந்த டானியல் ஜாட்டா என்ற ஆய்வாளர் 2000 ஆம் ஆண்டளவில் இதை மேற்குலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பான்ஜோவுக்கு ஒரே ஒரு மூதாதையைச் சுட்டிக்காட்ட முடியாது, பல ஆபிரிக்க மரபுகள் கரீபியனில் கலந்தே அது பிறந்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. பிறப்பித்தவர்கள் யார் என்பதில் மாத்திரம் சந்தேகமில்லை.

அவர்களிடமிருந்து அது போனவிதம் துயரமானது. 1830 களில் ஜோயல் சுவீனி போன்ற வெள்ளையினக் கலைஞர்கள் அடிமைகளிடமிருந்து அதைக் கற்று மேடையேறினர். 1840 களில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை நையாண்டி செய்யும் நாடகங்களின் அடையாளமாகவே பான்ஜோ மாறியது. தம்மை இழிவுபடுத்தும் சின்னமாகிவிட்ட சொந்த வாத்தியத்திலிருந்து அதன் சொந்தக்காரர்கள் காலப்போக்கில் விலகிச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டில் பான்ஜோ என்றால் வெள்ளையின மலைவாசிகளின் வாத்தியம் என்பதே உலகத்தின் எண்ணமாயிற்று. எமது பெரியம்மாவும் அந்த எண்ணத்தையே வெளிப்படுத்தினார்.

2005 இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பான்ஜோ கலைஞர்களும் ஆய்வாளர்களும் ஒன்றுகூடினர். அந்தச் சந்திப்பிலிருந்து உருவான கரோலினா சொக்லட் டிரொப்ஸ் என்ற இளம் குழுவினர், ஜோ தொம்சன் என்ற முதிய கறுப்பின வயலின் கலைஞரின் வீட்டுக்குச் சென்று பழைய மரபைக் கற்றனர். அவர்களின் இசைத்தட்டு 2011 இல் கிராமி விருது பெற்றது. அவர்களில் ஒருவரான றியானன் கிடன்ஸ் இன்று பான்ஜோவின் வரலாற்றைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவது அரிது.

இதற்கும் மன்னாருக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. இல்லாத தொடர்பை உண்டாக்கிக் காட்டுவது பத்திரிகையாளனுக்கு அழகுமல்ல. ஆனால், பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் அக்கொண்டிங் எனது நினைவுக்கு வருகிறது. 19 மீற்றருக்கு அதிகமான சுற்றளவுடைய அந்த மரத்தின் இனத்தை ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாக நம்பப்படுகிறது. செனகல் நாட்டின் இலச்சினையில் இருப்பதும் அதே மரம்தான். தெற்கே புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், ஆபிரிக்க வம்சாவளி மக்கள் தமது மூதாதையரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் மாஞ்சா பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். அந்த மூதாதையரில் பலர் தமது விருப்பத்தின் பேரில் கடல் கடந்தவர்கள் அல்லர்.

கடந்த வருடம் எனது பாடசாலைக் கால நண்பர் ஒருவர் எருக்கலம்பிட்டியில் ஒரு திருமணத்துக்கு வந்திருந்தவர், என்னையும் பார்க்க வந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளினால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் அவரும் ஒருவர். குடும்பத்துடன் படகேறிக் கற்பிட்டியில் இறங்கி, பின்னர் புத்தளத்திலேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர். இளவயதில் கலியாண வீடுகளில் அருமையாகப் புல்புல்தாரா வாசித்தவர். எனது பான்ஜோவைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்தாவது தந்தியைப் பெருவிரலால் ஒருமுறை தட்டிவிட்டு, "இது சுருதிக் கம்பிதானே, மச்சான்" என்றார். எனக்கு மாதங்கள் எடுத்த பாடம் அவருக்கு ஒரு கணத்தில் புரிந்தது. புல்புல்தாராவிலும் மெட்டுக்கு ஒரு கம்பி, சுருதிக்கு வேறு கம்பிகள் என்று உண்டு. பத்து நிமிடங்களுக்குள் பழைய பாட்டொன்றின் மெட்டைத் தேடிப் பிடித்துவிட்டார்.

அவரது வாத்தியம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"பரணில வைச்சிட்டுத்தான் படகேறினேன். திரும்பி வந்து பாக்கேக்க வீட்டுக்குக் கூரையே இல்லை. யாரோ எடுத்து வாசிச்சிருந்தா நல்லது" என்றார்.

அவர் சென்ற பின்னரும் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. ஒரு வாத்தியம் தன்னை உருவாக்கியவனையும் வைத்திருந்தவனையும் இழந்தபின்னரும் ஒலித்துக்கொண்டிருக்கும். எடுத்து வாசிப்பவனைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால், அது யாருடைய கையிலிருந்து, எவ்வாறு பிரிந்தது என்பதை அவன் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால், ஒரு தலைமுறைக்குள் அது எப்போதும் தன்னுடையதாகவே இருந்தது என்று அவனது பிள்ளைகள் நம்பத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் பான்ஜோவுக்கு நடந்தது அதுவே. வீடுகளுக்கும் காணிகளுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் அவ்வாறு நடப்பதை எமது நாட்டில் எல்லாச் சமூகத்தவர்களும் ஏதோவொரு வகையில் கண்டிருக்கிறோம்.

அதனால், எவராவது கேட்டு நான் பான்ஜோவை எடுக்கும்போது முதலில் ஜோலா மக்களைப் பற்றி நான்கு வார்த்தை சொல்வதை வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன். பெரியம்மாவுக்கும் வேலியோரம் நின்றே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தச் சனத்தின்ர பாட்டு ஒண்டை அடியுமன், கேப்பம்" என்றார்.

கையில் ஆறு பாடல்கள் ஓரளவு ஒழுங்காக வருகின்றன. வேகம் இன்னும் வரவில்லை. கடையொன்றில் ஒரு பழைய புல்புல்தாரா விற்பனைக்கு இருப்பதாக அறிந்து அதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போகவேண்டும்.