செவ்விளக்கின் சாட்சி

மோட்டார் வண்டி ஓட்டுவோரின் கண்ணெதிரே அமைந்த பலகையில், எண்ணெய்ச் செப்புப் போன்ற உருவத்தில் செந்நிறமாய் ஒளிரும் சிறு விளக்கொன்று உண்டு. அதனைக் கண்டறியாதார் இலர். அது கூறுவது யாதென்று அறிந்தாரோ சிலரே. எண்ணெய் குறைந்துவிட்டதென்று அது தெரிவிப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவ்விளக்குக் காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அதன் அழுத்தத்தையேயாம். இவ்வேறுபாட்டினால் என் சிற்றப்பாவின் பிழைப்பு ஒருமுறை தப்பிய வரலாற்றை நம் கல்லூரி நண்பர்களுக்கு எழுதத் துணிந்தேன்.

சிற்றப்பா நாகர்கோவிலில் ஓம்னி வண்டியொன்றை வாடகைக்கு ஓட்டி வந்தார். காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் வடசேரிச் சந்தைச் சரக்கு, முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம். ஐவர் உண்ணும் சோறு, 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உடைய அச்சிறு எஞ்சினிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2011ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவ்விளக்குத் தோன்றுவதும் மறைவதுமாய் இருந்தது. ஒரு நாள் நான்கு முறை எரியும். மறுநாள் ஒரு முறையும் எரியாது. ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றார். அங்குள்ளார் சிறிது நேரம் செவிசாய்த்துக் கேட்டுவிட்டு, “பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்” என்றனர். அவர்கள் கேட்ட தொகை சிற்றப்பாவின் மூன்று மாத வருவாய்க்குக் குறையாது. வாடகை நிலையத்து நண்பரொருவரோ, விளக்குக்குச் செல்லும் கம்பியை அறுத்துவிட்டால் தொல்லை தீருமென்றார். சிற்றன்னை ஒன்றுங் கூறாது தம் வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள்.

பட்டறையாரின் அச்சம் வெறும் அச்சமென்று தள்ளத்தக்கதன்று. எஞ்சினுள் சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றுள் ஒருசில கூறுகளே. பம்பு உந்தியனுப்பும் எண்ணெய் அவ்விடைவெளியில் மென்படலமாய் நின்று தண்டை ஏந்துகின்றது. அழுத்தம் அற்றுப்போயின் படலம் முறியும். உலோகம் உலோகத்தோடு உராயும். சில நிமிஷங்களில் எஞ்சின் பாழாகும். ஆதலின் ஓடும்போது விளக்கு எரியின் உடனே எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். காரணத்தைப் பின்னர் ஆராயலாம்.

கோட்டாற்றில் முதிய மெக்கானிக் ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் பாட்டா. வண்டியைத் தொடுமுன்னரே அவர் என்னை நோக்கி, “எப்போது எரிகிறது, மக்களே?” என்றார். பட்டறையில் எவரும் இக்கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கு விடை தெரியாமையின், வண்டியை வீட்டுத் தெருவுக்குள்ளேயே சிறிது சிறிதாக ஓட்டச் செய்து, அருகிலமர்ந்து குறித்து வந்தேன். எஞ்சின் குளிர்ந்திருப்பினும் சூடேறியிருப்பினும் விளக்கு எரிந்தது. சூடேறிய எஞ்சினைப் பத்து நிமிஷம் நின்றபடியே ஓடவிட்டபோது ஒருமுறையும் எரியவில்லை. முதற் கியரிலோ பின் கியரிலோ கிளட்சை விடும் அக்கணத்தில் மட்டும் கண்சிமிட்டிற்று.

பாட்டா முறுவலித்தார். பேரிங் தேய்ந்திருப்பின், எண்ணெய் சூட்டினால் இளகி, பம்பும் மெல்லச் சுழலும்போதன்றோ அழுத்தம் மிகக் குறைதல் வேண்டும்? சூடேறி நிற்கையில் எரியாத விளக்கு, புறப்படுகையில் எரிவானேன்? எண்ணெய் குறைந்திருந்து, வண்டி குலுங்கும்போது பம்பின் வாயை விட்டு அகன்றிருக்கலாம். அதற்காக வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவுகோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் மேற்குறியை ஒட்டியே நின்றது.

இவ்விடத்தில் சுவிட்சின் இயல்பைச் சிறிது கூறவேண்டும். எண்ணெய்ப் பாதையில் திருகப்பட்டிருக்கும் அச்சுவிட்சினுள் ஒரு வில் உண்டு. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.5 கிலோகிராமுக்குக் கீழ் இறங்கின், வில் தொடுமுனையை எஞ்சினின் இரும்போடு சேர்த்துவிடும், விளக்கு எரியும். அழுத்தம் மிகின் தொடுமுனை விலகும்; விளக்கு அணையும். வருவது ஒற்றைக் கம்பி. அக்கம்பி வழியில் எங்கேனும் இரும்பைத் தொடினும் விளக்கு எரியுமன்றோ?

ஓம்னியின் எஞ்சின் முன்னிருக்கையின் கீழ் உள்ளது. பாட்டா இருக்கையைத் தூக்கி, கம்பியைச் சுவிட்சிலிருந்து கழற்றி, அதன் நுனியை ஒட்டுநாடாவாற் பொதிந்தார். சுவிட்சையும் கழற்றி, அவ்விடத்தில் நீண்ட குழாயுடன் கூடிய அழுத்தமானியைத் திருகினார். எஞ்சின் சூடேறி நின்றபடி ஓடுகையில் முள் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல் நின்றது. வேகத்தைக் கூட்டியபோது மூன்றைக் கடந்தது. பின்னர் மானியை என் கையிற் கொடுத்துவிட்டு, சிற்றப்பாவை மெல்லக் கிளட்சை விடச் சொன்னார். முள் அசையவில்லை. சுவிட்சோடு தொடர்பே இல்லாத விளக்கோ பளிச்சென்று எரிந்தது! சிற்றப்பா அதனை மும்முறை செய்து பார்த்தார், மும்முறையும் சிரித்தார்.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், பாரம் ஏறுகையில் சற்றே முறுகிச் சாய்வது இயல்பு. கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் ஒன்று கழன்றுபோயிருந்தது. தொங்கிய கம்பி இரும்புத் தாங்கியொன்றின் விளிம்பில் உராய்ந்து, அரிசியளவு உறை தேய்ந்து, உள்ளே செம்பு மின்னிற்று. எஞ்சின் சாயுந்தோறும் செம்பு இரும்பைத் தொட்டது. பாட்டா பழுதான பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் துண்டை இணைத்து, உறைக்குழாய் பூட்டி, சிறிது தளர்வு விட்டுப் புதிய கிளிப்பால் இறுக்கினார். சுவிட்சைத் திரும்பப் பொருத்தியபின், எஞ்சினை முடுக்காது சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது. “சாவி திருப்பினால் எரியவும் வேண்டும், எரியாத விளக்கை நம்பி ஓட்டாதேயும்” என்றார். கம்பியை அறுக்கச் சொன்ன நண்பர் அப்போது அருகில்தான் நின்றிருந்தார்.

செலவு ஒரு நூறு ரூபாய்க்கும் உட்பட்டது. கூலியாகப் பாட்டா கேட்டது அதனினும் குறைவு. சிற்றப்பா இரு மடங்கு கொடுத்தார். மறுநாள் தக்கலைக்கு ஒரு கல்யாண வாடகை ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. விடியுமுன்னே வண்டி புறப்பட்டது. விளக்கைக் கவனிக்கும்பொருட்டு என்னையும் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார்.