மரம் நட்டாச்சு, தட்டு எங்கே போச்சு?

 

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்காகப் போன ஞாயிறு நம்ம ஆலயத்தில் கோத்தோங் ரோயோங் செய்தோம். வந்து கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி. வளாகத்தைக் கூட்டினோம், வேம்பும் வில்வமுமா அஞ்சு கன்று நட்டோம், படம் பிடித்து வாட்சப் குழுவிலும் போட்டாச்சு. பிறகு எல்லாருக்கும் மீகூனும் தேத்தண்ணியும்.

சாப்பிட்டு முடிச்சு போலிஸ்திரின் தட்டு, பிளாஸ்டிக் கப் எல்லாத்தையும் கறுப்புப் பையில் கட்டிக்கிட்டு இருந்தேன். படிவம் 2 படிக்கிற ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்னு எண்ணிப் பார்த்துச்சு.

"அங்கிள், மரம் அஞ்சுதான் நட்டோம். குப்பை ஏழு பை இருக்கே. இதெல்லாம் எங்க போகும்?"

"லோரி வந்து எடுத்துக்கும்மா."

"லோரி எங்க கொண்டு போகும்?"

எனக்குச் சட்டுனு வாய் வரல. சிரிச்சு மழுப்பிட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல.

ஏன்னா, எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்க வேலையிடத்தில் எண்ணெய் துடைத்த துணியைக்கூட சாதாரணக் குப்பையில் போட முடியாது. அதற்கு எஸ்.டபள்யூ. 410 என்று தனிக் குறியீடு. பழைய இயந்திர எண்ணெய்க்கு 305. தோங்கில் ஊற்றி, லேபல் ஒட்டி, தேதி எழுதணும். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் உள்ளவர் வந்துதான் எடுக்கணும். 2005-ல் வந்த அரசாங்க விதிமுறை இது. தப்பு செய்த பையன்களை நானே கடுமையாத் திட்டியிருக்கேன்.

அதே ஆள்தான் போன வருஷம் திருவிழாவில் வடை பொரிச்ச எண்ணெயை அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற கால்வாயில் ஊற்றினேன். யாரும் சொல்லிச் செய்யல. நானேதான் ஊற்றினேன். சாமி காரியம்தானே, யார் கேட்கப் போறாங்கன்னு ஒரு நினைப்பு.

இந்த தினம் எப்படி வந்ததுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். மரம் நடுவதற்காக வந்த நாள் என்றே இத்தனை நாள் நினைச்சிருந்தேன். கதை வேற.

ஸ்வீடன் நாட்டு ஏரிகளில் மீன் செத்துப் போச்சு. காரணம் அவங்க ஊர்க் குப்பை மட்டும் இல்லை. பிரிட்டனிலும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் புகைபோக்கி வழியாகப் போன கந்தகப் புகை, காற்றில் பயணம் பண்ணி அங்கே அமில மழையாக இறங்கியது. ஒரு நாடு தனியாக இதைச் சரி பண்ண முடியாது. அதனால் உலக நாடுகள் கூடிப் பேசணும்னு 1968-ல் ஸ்வீடன் ஐக்கிய நாடுகள் சபையில் கேட்டது. 1972 ஜூன் 5 முதல் 16 வரை ஸ்டாக்ஹோமில் மாநாடு நடந்தது. 113 நாடுகள் வந்தன. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் போய்ப் பேசினார். மாநாடு தொடங்கிய ஜூன் 5-ஐயே சுற்றுச்சூழல் தினமாக அந்த வருஷ டிசம்பரில் ஐ.நா. அறிவித்தது.

நம்ம நாடும் சும்மா இருக்கல. 1974-லேயே சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1989 அக்டோபர் 21-ல் காமன்வெல்த் தலைவர்கள் லங்காவியில் கூடிச் சுற்றுச்சூழல் பிரகடனம் வெளியிட்டார்கள். அந்த அக்டோபர் 21-தான் நம்ம தேசிய சுற்றுச்சூழல் தினம்.

இதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். அழுக்கு போட்ட இடத்தில் நிற்காது, நடந்து போகும்.

இதைத் தெரிஞ்சுக்க நாம ஸ்வீடன் வரைக்கும் போக வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் எவரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். அதே வருஷம் இதோ பக்கத்தில் சிம்பாங் ரெங்கத்தில் ஆற்று நீரில் அம்மோனியா கூடி, நீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள். குப்பைமேட்டில் இருந்து கசிந்த கழிவுநீர்தான் காரணம் என்று செய்தியில் வந்தது. அங்கே இருக்கிற என் அக்கா வீட்டுக்கு நான் தோங்கில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா அந்தத் தண்ணியில் முதலில் ஒரு சொம்பு எடுத்து சாமி மேடையில் வச்சாங்க. இப்பவும் அது கண்ணில் நிற்குது.

நம்ம ஏழு பையும் போய்ச் சேர்வது அப்படி ஒரு மேட்டுக்குத்தான். நாம அன்னதானம் போட்ட தட்டு, வேற எவருடைய அபிஷேகத் தண்ணியிலோ போய்க் கலக்கும் என்றால் அந்தப் புண்ணியம் எந்தக் கணக்கில் சேரும்?

அடுத்த மாசம் ஆடி பிறக்குது. நிர்வாகத்திடம் பேசினேன். "எவர்சில்வர் தட்டு வாங்கலாம், கழுவ ஆள் எங்க?" என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் ஆள் நான் என்று பேர் கொடுத்துட்டேன். திருவிழா மூன்று நாளும் கழுவுற இடத்தில்தான் இருப்பேன். தோட்டத்தில் இருந்த காலத்தில் வாழை இலையில் பந்தி போட்டு, எச்சில் இலையை மாட்டுக்குக் கொடுத்தவங்கதானே நாம? கழுவுறது நமக்குக் கேவலம் இல்லை. பொரிச்ச எண்ணெயை இனி டின்னில் ஊற்றி வைப்போம். பழைய சமையல் எண்ணெயைக் காசு கொடுத்தே வாங்கிப் போறாங்க.

உங்களிடம் கேட்பது இரண்டு. திருவிழாவுக்கு வரும்போது வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டு வாங்க. தட்டு கழுவ ஒரு மணி நேரம் கொடுக்க முடிந்தவர்கள் குழுவில் பேர் போடுங்க. அண்ணன்மார்களே, அக்காமார்கள் மட்டும் பேர் கொடுத்தால் போதாது!

அந்தப் பிள்ளையிடம் நேற்று பூசை முடிஞ்சதும் லோரி எங்கே போகும்னு சொல்லிட்டேன். "அப்ப இந்தத் தடவை எத்தனை பைன்னு நானே எண்றேன் அங்கிள்" என்றது. எண்ணட்டும்.

ஓம் சக்தி.